கொல்லைக் குளத்துக்கு ஒரு மோட்டார்

மோட்டார் கடையில் இரண்டு வேலைகள் உண்டு: விற்பது ஒன்று, விற்றதற்காகத் திட்டு வாங்குவது இன்னொன்று. திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த கடையில் இரண்டுமே என் தலையில்தான் விழுந்தன. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவள் என்று 1993-ல் சேர்த்துக்கொண்டார்கள். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து போவேன். முதல் பத்து வருடம் பெரிய கஷ்டம் இல்லை. கிணற்றுக்கும் போருக்கும் மோட்டார் கேட்டு வருகிற விவசாயிக்குத் தன் கிணறு எத்தனை அடி, கோடையில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதெல்லாம் அத்துப்படி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், வாங்குவார், போவார்.

அப்புறம்தான் புது வீடு கட்டியவர்கள் கொல்லையில் குளம் கட்ட ஆரம்பித்தார்கள். குளம் என்றால் நாலடிக்கு ஆறடி சிமெண்ட் குழி. அதில் கலர் மீன், ஓரத்தில் அல்லி, நடுவில் நீரூற்று. இல்லாவிட்டால் கல்லடுக்கில் வழிகிற குட்டி அருவி. சென்னையிலிருந்தோ பாண்டிச்சேரியிலிருந்தோ ஓர் ஆள் வந்து எல்லாம் கட்டி, ஒரு சின்ன மோட்டாரையும் போட்டுவிட்டுப் போவார். வருடம் திரும்புவதற்குள் அந்த மோட்டார் நின்றுவிடும். அந்த ஆள் போனை எடுப்பதும் நின்றுவிடும். அதற்கு மாற்று மோட்டார் கேட்டு எங்கள் கடைக்கு வருவார்கள். கடையில் நின்றே கால் வீங்கியவர்களே, அந்தக் கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எத்தனை எச்பி?

ஒரு ரைஸ் மில்காரர். செத்துப்போன குளத்து மோட்டாரைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற சைஸ். நாற்பது வாட்ஸ். அதே மாதிரி ஒன்றை எடுத்து முன்னால் வைத்தேன். "இது எத்தனை எச்பி?" என்றார். எச்பி கணக்கெல்லாம் இதற்கு வராது, இது வாட்ஸ் என்றேன். "வாட்ஸுன்னா பல்புக்குத்தானே சொல்லுவாங்க? நான் பல்பா கேட்டேன்? நம்ம மில்லுல எல்லாமே பத்து எச்பி, பதினஞ்சு எச்பி. வீட்டுக்குப் போய் நாப்பது வாட்ஸுன்னா எனக்கு மரியாதையா இருக்குமா?" என்றார். சின்னக் குளத்துக்குப் பெரிய மோட்டார் கூடாது, தண்ணீர் எல்லாம் வெளியே போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். முதலாளி பின்னால் வந்து நின்று, "கேக்கறதைக் குடும்மா" என்றார். கேட்டதைக் கொடுத்தேன். ஒரு எச்பி.

மறுநாள் கடை திறந்ததும் ஓர் அம்மா வந்தார். மில்காரருக்குப் பக்கத்து வீடு. அந்த வீட்டு மாடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயப் போட்டிருந்தார்களாம். மில்காரர் ஸ்விட்ச் போட்டதும் நீரூற்று மதிலைத் தாண்டி மாடிக்கே போய் அவ்வளவையும் நனைத்துவிட்டது. இந்தப் பக்கம் குளம் வறண்டு, மீன் எல்லாம் தரையில் துள்ளியிருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா சொன்னார்: "அவருகிட்ட சண்டை போட முடியாதும்மா, வேண்டிய மனுசங்க. அதான் உங்கிட்ட போட வந்தேன்."

அண்ணன் சொன்னா சரி

பில் போடுகிற செல்வராசு அண்ணன் நல்ல மனிதர். மோட்டாரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது கனமாக இருக்கும் என்பது மட்டும்தான். ஆனால் ஆம்பிளை. வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "கடையில யாரும் இல்லியா?" என்பார்கள். நேராக அவரிடம் போவார்கள். ஒருநாள் ஒரு வாத்தியார், குளத்து அருவிக்கு எந்த மோட்டார் போடலாம் என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். "அருவி எத்தனை அடி உசரம்னு கேளுங்க" என்றேன். அண்ணன் கேட்டார். மூன்றடி என்றார் வாத்தியார், அண்ணனிடம். "அஞ்சடி வரைக்கும் ஏத்தற மோட்டாரா எடுத்துக்கணும், பைப் வளையற இடத்துல கொஞ்சம் வேகம் போயிடும்" என்றேன். அண்ணன் அதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார். கால்மணி நேரம் இப்படியே போனது. இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

கடைசியில் வாத்தியார் நான் சொன்ன மோட்டாரையே வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் என் பக்கம் திரும்பி அன்பாகச் சொன்னார்: "பாத்தியாம்மா, அண்ணன் எப்படி டக்கு டக்குனு சொல்றாரு? கூடவே நின்னு கத்துக்கோ, பின்னாடி உதவும்."

ஆழம்

குளத்தில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று தெரியாமல் மோட்டார் சொல்ல முடியாது. நீளம், அகலம், ஆழம், மூன்றும் வேண்டும். ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். நீளம் அகலம் சொல்லிவிட்டார். ஆழம்? "எம் பேத்தி உள்ள நின்னா இடுப்பு வரைக்கும் வரும்" என்றார். பரவாயில்லை, இதை வைத்தே போட்டுவிடலாம் என்று பேத்திக்கு என்ன வயது என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். "அன்னிக்கு நின்னப்போ ஆறு. இப்ப காலேஜ் போறா. வேணும்னா சனிக்கிழமை கூட்டிக்கினு வர்றேன், நீயே அளந்து பாத்துக்கோ."

உப்பு

மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். சொந்தப் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர். முதல் தடவை வந்தபோது சின்னக் குளத்துக்கு மோட்டார் வேண்டும் என்றார், கொடுத்தேன். மூன்று மாதத்தில் திருப்பி எடுத்து வந்தார். ஆணி எல்லாம் துருப்பிடித்துத் தூளாகக் கொட்டியது. வாரண்டியில் மாற்றிக் கொடுத்தேன். அதுவும் மூன்று மாதம். அப்போதுதான் என் மரமண்டைக்கு, அந்த ஊர்த் தண்ணீர் என்ன தண்ணீர் என்று கேட்கத் தோன்றியது. போர் போட்டால் உப்புத்தான் வரும் என்றார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். உப்புத் தண்ணீருக்கு இரும்பே படாத மோட்டார் இருக்கிறது, சென்னையிலிருந்து வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்றேன். அதுவரைக்கும் மீனுக்குக் காற்று கிடைக்கத் தண்ணீரைக் கையால் கலக்கிவிடச் சொன்னேன்.

அப்போதுதான் அவர் குளம் கட்டிய கதையைச் சொன்னார். புகுந்த வீட்டிலிருந்து மகள் திரும்பி வந்துவிட்டாள். என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, யாரோடும் பேச்சும் இல்லை. சந்தையில் ஒரு கண்ணாடி மீன் தொட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றாளாம். அதற்காகக் கட்டிய குளம். காலையிலும் சாயங்காலமும் மீனுக்குப் பொரி போடுகிறாள், அதனிடம் ஏதோ பேசுகிறாள். அந்த ஒரு வாரத்தைக் கடத்த வேண்டுமே என்று எனக்குப் பதற்றமாகிவிட்டது. தினமும் சென்னைக்குப் போன் போட்டேன். சித்திரை வெயில். ஏழாம் நாள் மோட்டார் வந்தது, அவரும் வந்தார். பெட்டியைத் தள்ளினேன். அவர் அதைத் தொடவில்லை. காலையில் எல்லாமே மேலே மிதந்துவிட்டதாம்.

வேறு மீன் வாங்கி விடலாம் அண்ணே, இந்த மோட்டார் நிக்காது என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பெஞ்சில் உட்கார்ந்து தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார்: "நாப்பது வருசமா மீனை வாரிக்கினு வந்து கொட்டறேம்மா. அஞ்சே அஞ்சு மீனு, அதைப் பொழைக்க வைக்கத் தெரியலியே எனக்கு."

தலைப்பிரட்டை

மேல்சித்தாமூரிலிருந்து ஒரு நயினார் வருவார். எங்கள் பக்கத்துச் சமணர்களை அப்படித்தான் மரியாதையாகச் சொல்வோம். அவர் வீட்டுக் குளத்தில் வாங்கி விட்ட மீன் இல்லை. அல்லி மட்டும்தான். ஆனால் தவளை தானாக வந்து முட்டையிட்டு, குளம் முழுக்கத் தலைப்பிரட்டை. பழைய மோட்டார் நின்றதும் பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே விசிறியில் அரைபட்டுக் கிடந்ததைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை என்றார். "எத்தனை உசுரு போச்சோ, தெரியாமயே ஓட விட்டுக்கினு இருந்திருக்கேன். எதையும் இழுக்காத மோட்டார் இருந்தா குடும்மா."

தண்ணீரை இழுக்காமல் மோட்டார் ஏது? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கி, சுற்றிலும் மெல்லிய வேட்டித் துணி தைத்து, அதற்குள் மோட்டாரை வைத்துக் கொடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. பத்தாம் நாள் மோட்டார் கருகிப்போய் வந்தது. பாசி படிந்து துணி அடைத்து, தண்ணீரே உள்ளே போகாமல் எரிந்துவிட்டது. துணியை எடுத்துவிட்டுப் பெரிய கண் உள்ள வலை போட்டேன். மோட்டார் ஓடியது, குட்டிகள் உள்ளே போயின. ஸ்பாஞ்ச் வைத்தேன். அதில் ஒட்டிக்கொண்டு செத்தன. நாலாவது தடவை வந்தவர் மோட்டாரை என் முன்னால் வைத்துவிட்டு, இனி தானே குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வதாகச் சொன்னார். அவருக்கு அப்போது எழுபது வயதுக்கு மேல். வேண்டாம் அய்யா, இன்னொரு வழி யோசிக்கிறேன் என்று கெஞ்சினேன். "உம்மேல கோவம் இல்லம்மா. மோட்டார் செத்தா உங்கிட்ட வந்து வேற வாங்கிடலாம். அது செத்தா யாருகிட்ட போய் வாங்கறது?"

சத்தம்

ஞானப்பிரகாசம் சார் ரயில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் விழுப்புரத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பார்த்துக்கொள்வோம். ஐந்து வருடம் ஓடிய மோட்டார் நின்றுவிட்டது, அதே மாதிரி வேண்டும் என்று திண்டிவனம் கடைக்கே தேடி வந்தார். அந்த மாடல் வருவது நின்றிருந்தது. அதைவிட நல்லது, கொஞ்சம் வேகம் கூட என்று ஒன்றைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார். "சத்தம் வேற மாதிரி இருக்கும்மா." இன்னொன்று கொடுத்தேன். அதையும் கொண்டுவந்தார். எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. சத்தத்துக்கெல்லாம் மோட்டார் மாற்ற முடியாது சார் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஒரு தடவை வீட்டுக்கு வந்து பாத்துட்டுச் சொல்லு" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து போனேன். அவர் மனைவி ஆரோக்கியமேரி அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய் ஏழு வருடமாம். கோயிலுக்கு சார் தனியாகத்தான் வருவார், எனக்குத் தெரியாது. சமையலறைக் கதவைத் திறந்தால் கொல்லை. இடது பக்கம் குளம், நேரே துவைக்கிற கல், அதைத் தாண்டி பாத்ரூம். குளத்து அருவியின் சத்தத்தை வைத்துத்தான் அந்த அம்மா ஐந்து வருடமாக யார் துணையும் இல்லாமல் நடந்திருக்கிறார். நான் கொடுத்த வேகமான மோட்டார் கொல்லை முழுக்க இரைந்திருக்கிறது. திசை தவறிக் கல்லில் மோதி விழுந்துவிட்டார். அதற்கப்புறம் அறையை விட்டு வெளியே வரவில்லை.

தரையைப் பார்த்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் லீவு போட்டு, ஒரு வால்வு வாங்கிக் குழாயில் மாட்டினேன். அந்த அம்மாவைக் கதவருகே நாற்காலியில் உட்கார வைத்து, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். "குறைம்மா... இன்னும் குறை... ஐயோ, ரொம்பப் போச்சு, கொஞ்சம் கூட்டு... நிறுத்து!" என்றார். "இதான்." எழுந்தார். சார் கையைப் பிடிக்கப் போனார், அந்த அம்மா தட்டிவிட்டார். துவைக்கிற கல் வரைக்கும் போய், அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். அன்றைக்கு ஒருநாள்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்ததை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

நாலு வருடம் கழித்து சார் மறுபடியும் கடைக்கு வந்தார். போன மாதம்தான் அந்த அம்மாவை அடக்கம் செய்திருந்தோம், நானும் போயிருந்தேன். மோட்டார் நின்றுவிட்டதா சார் என்றேன். "நல்லாத்தான் ஓடுது" என்றார். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டில் இருக்க முடியவில்லையாம். நிறுத்தினால் மீன் செத்துவிடும், அது அவள் வளர்த்த மீன். சத்தமே போடாத மோட்டார் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மோட்டார் மாற்ற வேண்டாம் சார், அருவிக்குப் போகிற குழாயை எடுத்து வாயைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால் போதும், தண்ணீர் சுற்றும், சத்தம் வராது, நானே வந்து செய்துதருகிறேன் என்றேன். சரி என்று வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். "வேணாம்மா, ஓடட்டும். சத்தம் நின்னுட்டா அவளுக்கு வழி தெரியாது."

நான் வேலையை விட்டு இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் கொல்லையிலும் ஓர் அல்லித் தொட்டி உண்டு, தண்ணீர் அசையாமல் நிற்பதால் கொசு பிடுங்கித் தின்கிறது, ஆனாலும் மோட்டார் வைக்கிற தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.