சிரித்தபடி ஆடிய பெனிட்டா

முழங்கால் தேய்ந்து மேடையை விட்ட நான், இப்போது வடசேரியில் சிறுமிகளுக்கு பாலே நடனம் கற்றுத் தருகிறேன். வலியை முகத்தில் காட்டக் கூடாது என்பது நான் அவர்களுக்குச் சொல்லும் முதல் பாடமாக இருந்தது.

பள்ளி ஆண்டு விழாவில், புதுக்கடையிலிருந்து வரும் பதின்மூன்று வயது பெனிட்டா நுனிக்காலில் நின்று ஐந்து நிமிடம் சிரித்தபடி ஆடினாள். மேடையை விட்டு இறங்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் காலணியைக் கழற்றினேன். உள்ளே ரத்தம். பெருவிரல் கறுத்து வீங்கியிருந்தது.

"ஏட்டி, ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மூணு நாளா நோவு டீச்சர். நீங்கதான சிரிக்கச் சொன்னிய?"

எலும்பு முறிந்திருக்கிறது, இனி நுனிக்காலில் நிற்க முடியாது என்றார் மருத்துவர். பெனிட்டா இப்போது வகுப்புக்கு வருவதில்லை.

மற்ற சிறுமிகள், ஆடத் தொடங்கும் முன், தங்கள் வெறுங்காலை என்னிடம் நீட்ட வேண்டும். ஒவ்வொரு விரலையும் அழுத்திப் பார்க்கிறேன். முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.