அம்பத்தூரில் ஒரு ஹீட்டர்

மெட்ராஸில் ஹீட்டர் ரிப்பேர் என்று ஒருவர் வண்டியை விட வந்தால், ஒர்க் ஷாப்பில் முதலில் அவர் நெற்றியைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். எங்கள் ஒர்க் ஷாப்புக்கு அப்படி வந்த ஒரே கஸ்டமர் நான். அதுவும் அங்கேயே உட்கார்ந்து பில் எழுதிக்கொண்டிருந்தவள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களும் சளி பிடித்த குழந்தை வைத்திருப்பவர்களும் ஒரே இனம். இரண்டு பேருமே சத்தத்தைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள். உங்களில் யாராவது இரண்டும் வைத்திருந்தால் நான் சொல்வதை நம்புவீர்கள். என் மகள் அனு தூங்கிவிட்டாள். முதுகில் காது வைத்துக் கேட்டாகிவிட்டது, கொர்கொர் இல்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

பறக்கும் பில்கள்

அம்பத்தூரில் இருக்கிற ஒர்க் ஷாப் என் அம்மாவின் தம்பி தங்கராஜ் மாமாவுடையது. என் கணவரை ஆவடி ஃபாக்டரியிலிருந்து மலைமேல் இருக்கிற ஃபாக்டரிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை நானும் அனுவும் அண்ணனூரில் மாமா வீட்டில். "கான்வென்ட்ல படிச்சவ, சும்மா ஏன் உட்கார்ந்திருக்கே" என்று மாமா என்னை ஆபீஸ் அறையில் உட்காரவைத்தார். லாரி டிரைவர்களுக்கெல்லாம் போனில் "குட் மார்னிங்" சொன்னேன். பாதிப் பேர் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள்.

மேஜைக்குப் பக்கத்தில் அனுவின் தூளி. அவளுக்காக டேபிள் ஃபேன் ஓடும், ஃபேன் ஓடினால் பில்லெல்லாம் பறக்கும். ஒரு நாள் மெக்கானிக் ஏழுமலை கை நிறைய எதையோ கொண்டுவந்து மேஜைமேல் கொட்டினார். பித்தளையில் வட்டமாக, நடுவில் ஸ்பிரிங் வைத்த சாமான்கள். காகிதத்தின் மேல் வைத்தால் அசையவில்லை. இது என்ன, வண்டிக்கு வேண்டாமா என்று கேட்டேன்.

"எந்த வண்டி வந்தாலும் மொத வேலயா இத்த கழட்டி கடாசிருவேன்மா, நம்ம ஊருக்கு இது வேஸ்ட்டு!"

ஏலத்தில் வந்த வண்டி

குவார்ட்டர்ஸ் கிடைத்தது, மார்கழிக் குளிரில். டாக்டர் அனுவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வெகுநேரம் வைத்திருந்தார். மலைக்குப் போகலாம், ஆனால் வழியில் குளிர்காற்று படவே கூடாது, பட்டால் பழையபடி இழுப்பு வந்துவிடும் என்றார். முன்பு ஒரு தடவை இரவு பஸ்ஸில் ஜன்னல் சரியாக மூடாமல் அவளுக்கு வந்த இழுப்பை நான் மறக்கவில்லை. அவளுடைய அப்பா அவள் தவழ்வதை இன்னும் பார்த்ததில்லை. கூட்டிக்கொண்டு போகவும் பயம், போகாமல் இருக்கவும் முடியவில்லை.

மாமாவிடம் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த ஒரு பழைய வேன் இருந்தது. எங்கேயோ பனிப் பிரதேசத்தில் ஓடிய வண்டி, ஹீட்டரோடு வந்திருந்தது. "இதுல கூட்டிட்டுப் போறேன், வெச்சு மூடின பொட்டி மாதிரி சூடா போகலாம்" என்றார் மாமா. ஹீட்டரைப் போட்டுக் காட்டினார். ஓட்டையிலிருந்து லேசாக ஒரு காற்று வந்தது. அனு விட்டுவிட்டு மூச்சு விடுவாளே, அதைவிட லேசாக. ஏழுமலை குனிந்து முகத்தைக் காட்டிப் பார்த்தார்.

"இதுல இன்னா நைனா கீது, எறும்பு தும்மினா கூட இத்தவிட காத்து வருமே!"

மாங்காட்டுக்காரர்

முதலில் ஃபேனைக் கழற்றினார்கள். உள்ளே எலி கூடு கட்டிவிட்டுப் போயிருந்தது. சுத்தம் செய்து, மோட்டாரின் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றியதும் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. ஆனால் அதில் சூடு மட்டும் இல்லை.

அந்தச் சமயம் தன் டெம்போவை எடுக்க மாங்காட்டிலிருந்து ஒரு பூ வியாபாரி வந்தார். வெயிலில் வந்தவர் வேனில் ஏறி உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, ஹீட்டர் காற்றில் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஊசிநூலோடு அனுவின் கம்பளித் தொப்பியைத் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவர் இறங்கும்போது மாமாவிடம் ரகசியமாகக் கேட்டார்:

"ஏசி வெச்ச வண்டின்னு சொல்லவே இல்லியே அண்ணாத்தே, குடுக்கிற ஐடியா கீதா?"

முழங்கை

அடுத்து ஹீட்டருக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர் அடைத்திருக்கும் என்றார்கள். எஞ்சினின் சுடுதண்ணீர் அதற்குள் ஓடினால்தான் காற்று சூடாகும். ஹோஸ் பைப் வைத்து அடித்தபோது பழுப்பாகச் சேறு கொட்டியது. கடைசியில் தண்ணீர் தெளிந்து, போகிற பக்கமும் வருகிற பக்கமும் தடையில்லாமல் ஓடியது. ஆனாலும் காற்று வெதுவெதுப்போடு நின்றுவிட்டது. ஹீட்டரையே மாற்ற வேண்டும், நம் ஊரில் எங்கே கிடைக்கும் என்று மாமா தாடையைச் சொறிந்தார். பயணத்தைத் தள்ளிப் போடலாம் என்றார். தள்ளிப் போட்டால் கோடைதான்.

எனக்கு என்ன தோன்றியதோ, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஹீட்டருக்குத் தண்ணீர் போகிற ரப்பர் குழாயில் முழங்கையை வைத்தேன். அனுவின் குளியல் தண்ணீரை நான் கையால் பார்ப்பதில்லை, முழங்கைதான். "ஐயய்யோ சுட்டுடும்மா!" என்று ஏழுமலை கத்தினார். சுடவில்லை. "மாமா, இது அனுவைக் குளிப்பாட்டுற சூடு. இவ்வளவு நேரம் ஓடின எஞ்சின் தண்ணி இவ்வளவுதான் சுடுமா? ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு மாமா. அதுக்கு வர்ற தண்ணியே சூடா இல்லை" என்றேன்.

மாமா டாஷ்போர்டை எட்டிப் பார்த்தார். சூடு காட்டும் முள் அடியில் படுத்துத் தூங்கியது. மெதுவாகத் திரும்பி, "டேய் ஏழுமலை, தெர்மோஸ்டாட் எங்கடா?" என்றார். தண்ணீர் நன்றாகக் காயும்வரை அதை ரேடியேட்டர் பக்கம் விடாமல் மறித்து நிற்கிற வால்வு அது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அது இல்லாவிட்டால் காய்கிற தண்ணீரெல்லாம் உடனே போய் ஆறிவிடுமாம். ஏழுமலை முகத்தில் வருத்தத்தைக் காணோம்.

"அது எங்கியும் போவல நைனா, சுமதிம்மா மேசைல கரண்ட் பில்லு மேல குந்திகினு கீது."

டீக்கடைச் சோதனை

மேஜைமேல் இருந்தவற்றில் எது வேனுடையது என்று யாருக்கும் நினைவில்லை. அளவு பொருந்தியவற்றை எடுத்துக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போனோம். கொதிக்கிற பாத்திரத்தில் நூலில் கட்டி ஒவ்வொன்றாக இறக்கினோம். சூடு ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி வால்வு திறக்க வேண்டும், வெளியே எடுத்தால் மூடிக்கொள்ள வேண்டும். ஒன்று திறக்கவே இல்லை. இன்னொன்று திறந்தது, மூட மறுத்துவிட்டது. கடைசியாக இறக்கியது, எண்ணெய்க் கறை படிந்த ஒன்று, வாயை மெல்லத் திறந்தது, எடுத்ததும் மெல்ல மூடியது. அனுவுக்குப் பல் முளைத்த அன்றுகூட நான் அப்படிக் கைதட்டவில்லை.

டீக்கடைக்காரர் தண்ணீரில் மிதந்த கிரீஸைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"தண்ணிய கொட்டாத மாமே, மெளகு போட்டு சூப்புன்னு வித்துர்றேன்!"

மலை

மேட்டுப்பாளையம் தாண்டியதும் கண்ணாடிகளை இறுக்கமாக மூடினோம். அந்தத் தெர்மோஸ்டாட்டை மாட்டிய வேனை மாமா ஓட்டினார், சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. வளைவுகளில் பனி வந்து கண்ணாடியில் ஒட்டியது. சத்தத்தில் அனுவின் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. முதுகில் காதை வைத்தேன், எஞ்சின்தான் கேட்டது. கையை உள்ளே விட்டுப் பார்த்தால் ஒரே ஈரம். காய்ச்சல் என்று நினைத்து, "வண்டியைத் திருப்புங்க மாமா" என்று அலறினேன். மாமா ஓரம் கட்டி, தொட்டுப் பார்த்து, "வேர்வைம்மா" என்றார். தொப்பி, ஸ்வெட்டர், காலுறை என்று வளைவுக்கு ஒன்றாகக் கழற்றிக்கொண்டே போனேன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் என் கணவர் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, கையில் கம்பளியை விரித்தபடி நடுங்கிக்கொண்டு நின்றார். கதவைத் திறந்தார். வெறும் பனியனோடு, கன்னம் சிவந்து, அனு அவரைப் பார்த்துச் சிரித்தாள். நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை. உள்ளிருந்து அடித்த அனல் அவர் முகத்தில் பட்டது.

"என்ன சுமதி, மெட்ராஸையும் வண்டியிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டியா?"

வேன் அம்பத்தூர் திரும்பிய மறுநாளே ஏழுமலை தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார் என்று மாமா போனில் சொன்னார், ஆகவே உங்கள் பழைய வண்டியில் சூடு வராவிட்டால் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் பில் எழுதுகிறவளின் காகிதங்கள் ஏன் பறக்காமல் இருக்கின்றன என்று பாருங்கள்.