விளார் இல்லாத நிக்கலாஸ்

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். அந்தப் பெருமிதத்தோடு 1971-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகருக்கு மேல்படிப்புக்கு வந்திருந்த என்னை, அந்த டிசம்பரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்கு வேஷம் கட்டக் கூப்பிட்டார்கள். ஆறாம் தேதி, அந்தக்கால பிஷப்பான புனித நிக்கலாஸின் திருநாள். குழந்தைகள் துடைத்து வைத்த பூட்ஸில் பிஷப் வேஷக்காரர் கொட்டையும் ஆரஞ்சும் போடுவார். கூடவே முகத்தில் கரி பூசிய வேலைக்காரன் ஒருவன் வருவான். அடங்காத பிள்ளையின் பூட்ஸில் அவன் அடிக்கிற குச்சியான விளாரைச் செருகுவான்.

எனக்கு வேலைக்காரன் வேஷம். "உங்களுக்குக் கரியே வேண்டாம்!" என்று தலைமை நர்ஸ் சிரித்தார்.

ஆரஞ்சு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த திருநெல்வேலி நர்ஸ் ஒருவர் நிமிர்ந்தார். சியாமளா அக்காவை அப்போதுதான் முதலில் பார்த்தேன்.

"ஏன் தம்பி, இன்ஜினியரிங் படிக்க வந்தீங்களா, பூச்சாண்டி காட்ட வந்தீங்களா?"

"வேண்டாம்னு எப்படிக்கா சொல்றது?"

"வாயாலதான்."

தலைமை நர்ஸிடம் சொன்னேன்.

"அப்படியானால் எமினேக்கு யார் விளார் வைப்பது?" என்றார் தலைமை நர்ஸ். எமினே, துருக்கித் தொழிலாளி ஒருவரின் ஆறு வயது மகள். பன்றி இறைச்சி வைத்த தட்டைத் தள்ளிவிட்டதுதான் அவள் செய்த குற்றம்.

அக்கா ஜெர்மனில் பிடித்துக்கொண்டார். "நிக்கலாஸ் எந்த ஊர்? மைரா. இன்னைக்கு அது துருக்கி. சீதனம் இல்லாத மூணு பொண்ணுங்க வீட்டு ஜன்னல்ல ராத்திரி பொன்னைப் போட்டுட்டுப் போனாராம். அதுலதான் இந்த வழக்கமே வந்ததுன்னு உங்க பாதிரியார்தானே சொன்னாரு? அடக்கமான பொண்ணுங்களான்னு விசாரிச்சுட்டா போட்டாரு?"

"மார்ச்சில் உன் ஒப்பந்தம் முடிகிறது. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு. விளார் வார்டுக்குள்ள வராது." முழங்காலில் வைத்து ஒடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

பிஷப்பாக வந்த டாக்டருக்குப் பின்னால் நான் கோட்டும் டையுமாக மூட்டை சுமந்தேன். "வேலைக்காரன் எங்கே?" என்றாள் ஒரு சிறுமி.

"வேலையை விட்டுட்டான். நான் இன்ஜினியர்."

எமினேயின் பூட்ஸிலும் ஆரஞ்சு விழுந்தது. அதை எடுத்து உடனே உரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்டால் ஒப்பந்தத்தை நீட்டிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். "எதுக்கு?" என்று மட்டும் அக்கா கேட்டார். மார்ச்சில் அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

பிறகு அக்கா கொலோன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்தார். குழந்தைகள் வார்டு அவருக்கு மறுபடி கிடைக்கவில்லை.