அடங்காத காற்றும் எங்கள் சீலாப் பூனையும்

பிள்ளைகளே, ஒரே வீட்டில் மகள் கேட்டதற்குச் செவி கொடுத்து, அப்பன் கேட்டதை ஆண்டவர் தள்ளிவிடுவாரா? எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் வீட்டுப் பூனைக்கு சீலா என்று பெயர். சீலா மீன் தலை என்றால் அதற்கு உயிர். என் வலைக் குவியல்தான் அதன் மெத்தை. வயசான பூனை, பல ஈத்து குட்டி போட்டது. போன மழைக்காலத்தில் அதன் வயிறு பெருத்தது. தீனி குறைந்தது.

"மறுபடியும் குட்டி போடப் போவுது," என்றாள் என் மனைவி மேரி.

மகள் எஸ்தர் அட்டைப்பெட்டியில் பழைய சேலையை மடித்து வைத்தாள். தினமும் குடும்ப ஜெபத்தில், "இயேசப்பா, சீலாவுக்கு நல்லபடியா ஆவணும்," என்று கேட்பாள்.

வலையில் அங்கங்கே ரத்தக் கறை இருந்தது. மீன் ரத்தம் என்று அலசிப் போட்டேன். வலை என்றால் ரத்தம் இருக்கத்தானே செய்யும்?

பிறகு காற்று எழும்பியது. கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவித்தார்கள். படகுகள் கரையேறின. காற்று அடங்க வேண்டும் என்று நான் ஜெபித்தேன். அடங்கவில்லை. ஆண்டவர்மேல் கோபம்கூட வந்தது.

ஒரு காலையில் வலையைப் பார்த்தேன். பல நாளாய் மீன் படாமல் காய்ந்து கிடந்த வலையில் ஈரமாய்ச் சிவப்பு. சீலாவைத் தூக்கினேன். பின்பக்கம் ரத்தம் கசிந்தது.

"இன்னா நைனா, குட்டி வருதா?" என்றாள் எஸ்தர்.

"தெர்லமா."

உண்மையாகவே தெரியவில்லை. மீன்கூடையில் வைத்துப் பொன்னேரிக்குப் புறப்பட்டோம். பக்கத்து வீட்டு சேகர் அண்ணன் சிரித்தார். "பூனைக்கு ஆஸ்பத்திரியா? நாளைக்கு நண்டுக்கு ஜொரம்னு கிளம்புவ போலக்குதே!"

பொன்னேரி கால்நடை ஆஸ்பத்திரியில் மருத்துவர் அம்மா வயிற்றைத் தடவிப் பார்த்து, ஸ்கேன் எடுக்கச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே, குட்டி இல்லை, கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். புற்றுநோயாக இருக்கலாம் என்று நெஞ்சையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரலில் பரவியதாகத் தெரியவில்லை. கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட வேண்டும், கட்டியைச் சோதித்தால்தான் உறுதி சொல்ல முடியும், வயசான உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்பது தெரியாது என்றார்கள்.

எஸ்தர் என் சட்டையைப் பிடித்தாள். "குட்டியே இல்லன்னா, நான் இத்தினி நாளா இன்னாத்துக்கு ஜெபம் பண்ணேன் நைனா?"

அறுவை நடக்கும்போது வெளியே முழங்கால் போட்டேன். எதைக் கேட்பது? நான் கேட்டதும் நடக்கவில்லை, அவள் நினைத்ததும் இல்லை. "ஆண்டவரே, எனக்கு ஒன்னும் புரியல. நீரே பாத்துக்கும்," என்று மட்டும் சொன்னேன்.

சீலா கண் திறந்தது. எஸ்தரின் விரலை நக்கியது. நான் அழுதுவிட்டேன்.

பின்னால் சோதனை முடிவு வந்தது. புற்றுநோய்தான். தையலைப் பார்த்த பொன்னேரி மருத்துவர் அம்மா, "இன்னும் விட்டிருந்தா காப்பாத்தறது கஷ்டம். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

"காத்து அடங்கலம்மா, அதான்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு அப்போதுதான் லேசாகப் புரிந்தது. காற்று அடங்கியிருந்தால் கடலுக்குப் போயிருப்பேன். அந்த ரத்தத்தையும் மீன் ரத்தம் என்றே அலசியிருப்பேன்.

நோய் திரும்ப வரலாம், அடிக்கடி காட்டுங்கள் என்றிருக்கிறார்கள். காட்டுகிறோம். காற்று எழும்பினால் அடங்கச் சொல்லி இப்போதும் கேட்கிறேன். உலை கொதிக்க வேண்டுமே. ஆனால் அடங்காத நாளில் முணுமுணுப்பதில்லை. வீட்டைச் சுற்றி ஒருமுறை நன்றாகப் பார்க்கிறேன்.

பிள்ளைகளே, எதைக் கேட்பது என்று தெரியாவிட்டாலும் கேளுங்கள். எஸ்தர் தெரியாமல்தான் கேட்டாள். குட்டிகளுக்கென்று அவள் மடித்து வைத்த சேலையில் இதோ சீலா படுத்திருக்கிறது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.