மனைவி உடனிருந்தார்

எலோய்சாவின் வீட்டில் முப்பத்தோரு வருடங்களாக ஒரு கேள்வி மட்டும் கேட்கப்பட்டதே இல்லை. இன்று வேலையில் என்ன நடந்தது என்ற கேள்விதான் அது. கணவர் டெல்ஃபினோ மலைமேல் இருந்த அணு ஆய்வுக்கூடத்தில் வாயில் காவலர். அங்கே நடப்பதைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. நியூ மெக்சிகோவின் அந்தப் பள்ளத்தாக்கில் பாதி வீடுகள் அப்படித்தான். ஆண்கள் மாலையில் இறங்கி வருவார்கள், பீன்ஸும் பச்சை மிளகாய்க் குழம்பும் சாப்பிடுவார்கள், வராத மழையையும் பக்கத்து வீட்டு நாயையும் பற்றிப் பேசுவார்கள். கேட்காமல் இருப்பதுதான் நல்ல குடும்பத்துக்கு அடையாளம் என்று ஊரே நம்பியது. என்னைக் கேட்டால் அது ஒரு வியாதி.

இத்தனைக்கும் எலோய்சா வாய் ஓயாதவள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டே ஊர்க்கதை முழுவதையும் பேசித் தீர்ப்பாள். சொந்த வீட்டு வாசலைத் தாண்டியதும் நாக்கு அடங்கிவிடும்.

ஒரே மகள் மரிசெல் அணுவியலில் முதுகலை முடிக்கும் வருடம், ஓர் உதவித்தொகைத் திட்டத்துக்கு விண்ணப்பித்தாள். அணுப் பொருட்கள் தப்பான கைகளுக்குப் போகாமல் காக்கும் வேலைக்கு ஆள் தயாரிக்கும் திட்டம். தலைநகரில் ஓராண்டு, அரசு அலுவலகத்திலேயே பயிற்சி. நன்றாகச் செய்தால் அங்கேயே வேலை. நாடு முழுக்கச் சில பேரைத்தான் எடுப்பார்கள். நடுவில் விட்டால் போனது போனதுதான். அவளை எடுத்துக்கொண்டதாகக் கடிதம் வந்த அன்று டெல்ஃபினோவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நான் வாசல்ல நின்னு காத்தேன். இவ நாற்காலியில உக்காந்து காக்கப் போறா. முட்டி வலியாவது மிச்சம்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்புதான் டாக்டர் அவருடைய நுரையீரல் படத்தைக் காட்டி, ஒரு வருடம், இழுத்தால் இன்னும் கொஞ்சம் என்று சொல்லியிருந்தார். எதனால் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. டெல்ஃபினோவும் கேட்கவில்லை.

"அவகிட்ட மூச்சு விடாத. சொன்னா போக மாட்டா" என்றார் எலோய்சாவிடம்.

"போக மாட்டான்னு தெரிஞ்சுதான் சொல்லணும்கிறேன்."

"இந்த ஜூன்ல போறா, அடுத்த ஜூன்ல வந்துருவா. அதுவரைக்கும் நான் உசிரைப் பிடிச்சு வச்சுக்க மாட்டேனா, கிழவி?"

"நீ பிடிப்ப. கோழியையே உன்னால பிடிக்க முடியல."

இருவரும் சிரித்தார்கள். பிறகு எலோய்சா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஏப்ரலில் ஹாலிஸ் என்ற விசாரணை அதிகாரி வந்தார். இப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி அரசு துருவித் துருவி விசாரிக்கும். பழைய வாத்தியார், அண்டை வீட்டார், கடைக்காரர் என்று ஒருவரையும் விட மாட்டார்கள். மரிசெல் அன்று கல்லூரியில் இருந்தாள். ஹாலிஸ் தன் அடையாள வில்லையைக் காட்டியதும் டெல்ஃபினோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்நாள் முழுக்க வில்லை அணிந்தவர். வில்லை வைத்திருப்பவரிடம் எதையும் ஒளிக்கக் கூடாது என்பது அவருக்கு வேதம். எலோய்சா காப்பியும் பிஸ்கோச்சோ பிஸ்கட்டும் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

குடிப்பாளா? வெளிநாட்டு நண்பர்கள் உண்டா? கேட்டதற்கெல்லாம் டெல்ஃபினோ ஒளிவு மறைவில்லாமல் பதில் சொன்னார். மகள் காரை வேகமாக ஓட்டுவதைக்கூட விடவில்லை.

"அவங்க மனசைப் பாதிக்கிற மாதிரி, நெருக்கடி வர்ற மாதிரி வீட்டுல ஏதாவது இருக்கா, ஐயா?" என்று கடைசியில் கேட்டார் ஹாலிஸ்.

எலோய்சா டெல்ஃபினோவைப் பார்த்தாள். சொல்லிவிடாதே என்று நினைத்தாளா, சொல் என்று நினைத்தாளா, அவளுக்கே தெரியாது.

"இருக்கு. நான் சாகப் போறேன். ஒரு வருஷம்னு சொல்லியிருக்காங்க. அவளுக்குத் தெரியாது."

ஹாலிஸ் அதை எழுதிக்கொண்டார். "உங்க பேரை மறைச்சு எழுதச் சொல்றீங்களா? அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு."

"எதுக்கு மறைக்கணும்? என் பேரைப் பெருசா எழுதுங்க. அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"அது எங்க வேலை இல்லீங்க" என்றார் அவர். போகும்போது எலோய்சாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பார்க்க நல்ல மனிதராகத்தான் இருந்தார்.

அனுமதி கிடைத்தது, மரிசெல் போனாள். ஒவ்வொரு ஞாயிறும் மதியம் போன் வரும். டெல்ஃபினோ அதற்குள் மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றி, மெஷினை நிறுத்திவிட்டுப் பேசுவார். நான்கு நிமிடம் தாங்கும். "சரி கண்ணு, ஆட்டுக்குத் தண்ணி வைக்கணும்" என்று போனை நீட்டிவிடுவார். ஆடுகளை விற்று மாதங்கள் ஆகியிருந்தன.

கிறிஸ்துமஸுக்கு மரிசெல் வருவதாக இருந்தது. எலோய்சா அதைத்தான் நம்பியிருந்தாள். வந்து பார்த்தால் அவளே தெரிந்துகொள்வாள், நாம் வாக்கு மீறியதாகவும் ஆகாது என்று கணக்குப் போட்டிருந்தாள். வரமுடியாது என்று போன் வந்தது.

"திடீர்னு வெளிநாட்டுக்குப் போகச் சொல்றாங்கம்மா. எங்கேன்னு சொல்ல முடியாது. நான் கட்டாயம் போகணும்னு இல்லை. வான்னா வந்துருவேன்."

வா என்று ஒரு சொல். தொண்டை வரை வந்துவிட்டது. டெல்ஃபினோ எதிரே உட்கார்ந்து தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வா கண்ணு. ஸ்வெட்டர் எடுத்துக்க" என்றாள்.

மார்ச் ஒன்பதாம் தேதி காலை டெல்ஃபினோ போய்விட்டார். ஜூனுக்கு மூன்று மாதம் இருந்தது. நெஞ்சடைப்பு என்று போனில் மகளிடம் பொய் சொன்னாள் எலோய்சா. மரிசெல் ஓடி வந்து சேருவதற்குள் ஆக்சிஜன் மெஷினையும் அப்புறப்படுத்தினாள். அடக்கம் முடிந்து நான்காம் நாள் மரிசெல் பெயருக்கு ஒரு தடித்த உறை வந்தது. தன்னைப் பற்றிய விசாரணைக் கோப்பை யாரும் கேட்டு வாங்கலாமாம். பெயரை மறைக்கச் சொன்னவர்களின் பேச்சை மட்டும் அதில் அடித்துவிடுவார்களாம். கூடப் படித்தவர்கள் எல்லாரும் வேடிக்கைக்காகக் கேட்டபோது இவளும் ஊர் முகவரி கொடுத்துக் கேட்டிருந்தாள்.

சமையலறை மேசையில் பிரித்துப் படிக்கத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு ரூபெல் சொன்னதைப் படித்தபோது அப்பா போனபின் முதல்முறையாகச் சிரித்தாள். "நல்ல பொண்ணு, ஆனா பாட்டு கர்ண கொடூரம்னு சொல்லியிருக்கார், பாரும்மா." எலோய்சாவும் சிரித்தாள். மரிசெல் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

சிரிப்பு நின்றது. அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு சத்தமாகவே படித்தாள், பள்ளிப் பாடம் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"தந்தைக்குத் தீராத நுரையீரல் நோய். ஓராண்டு என மருத்துவர் கூறியுள்ளார். மகளுக்குத் தெரியாது. மகளைப் பற்றிப் பேசுகையில் இருமுறை கண்கலங்கினார். பெயரை மறைக்க வேண்டாம் என்றார். மனைவி உடனிருந்தார்."

அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. எலோய்சா அதை அணைக்கப் போனாள், பாதியில் நின்றுவிட்டாள்.

"முன்னபின்ன தெரியாத ஆளுக்குத் தெரியும். அங்க ஆபீஸ்ல இதைப் படிச்சவங்களுக்கெல்லாம் தெரியும்." மரிசெல்லின் குரல் உயரவே இல்லை. "கிறிஸ்துமஸுக்கு வரட்டுமான்னு கேட்டேனேம்மா."

"கேட்ட, கண்ணு."

"அப்பா எதிர்லதான் இருந்தாரா?"

"எதிர்லதான் இருந்தார்."

மரிசெல் கடைசி வரியின்மேல் விரலை வைத்தாள். "மனைவி உடனிருந்தார்" என்று மறுபடி படித்தாள். பிறகு அந்தத் தாளை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

எலோய்சா கதவருகே நின்றாள். உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டுப் பழக்கமில்லை. விடியும் வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.