நாற்பது கிலோவும் நூற்றியொரு தட்டும்

போன மாதம் தேனியில் ஒரு லேடி டாக்டரிடம் போயிருந்தேன். எனக்கு இருமல். எனக்கு முன்னால் ஓர் அம்மா, ஒன்பது வயது மகளோடு உட்கார்ந்திருந்தார். புசுபுசுவென்று நல்ல கன்னம் வைத்த குழந்தை. கையில் முறுக்குப் பொட்டலம்.

"டாக்டரம்மா, இவ எதையுமே திங்க மாட்டேங்கிறா. பசி எடுக்க ஒரு டானிக் எழுதிக் குடுங்க" என்றார் அம்மா.

டாக்டர் முறுக்கைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். எடை மெஷினில் ஏற்றினார், இறக்கினார்.

"டானிக்கெல்லாம் வேண்டாம். சாயங்காலமானா டி.வி. முன்னால உக்கார வைக்காம தெருவுல ஓடி விளையாட விடுங்க. இப்படியே உடம்பு போட்டா சீக்கிரமே வயசுக்கு வந்துருவா."

அந்த அம்மா உடனே என்ன செய்தார் தெரியுமா? டி.வி.யைப் பற்றிக் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. சட்டென்று மகளின் இரண்டு காதையும் பொத்தினார். காது பொத்தப்பட்ட குழந்தை நிம்மதியாக முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பும் இருமலும் ஒன்றாக வந்தன. வீட்டுக்கு வந்தும் அந்தக் கைகள் கண்ணை விட்டுப் போகவில்லை. இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்தில் எதையெதையோ எழுதியிருக்கிறேன். என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது — அதை மட்டும் எழுதியதில்லை. கோம்பையில் இருக்கும் என் தாய்மாமாவுக்குக் கடுதாசி போட்டு அனுமதி கேட்டேன். பதில் வந்தது: 'தாராளமா எழுது. தட்டு நூத்தியொண்ணுங்கிறத மட்டும் மாத்திறாத.'

மாற்றவில்லை மாமா. இதோ...

எங்களுக்குப் போடி பஜாரில் பலசரக்குக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் விளையாடப் போனதே இல்லை. எதற்குப் போக வேண்டும்? உட்கார மூட்டை இருக்கிறது. இடது கைப் பக்கம் வெல்லம், வலது கைப் பக்கம் பொட்டுக்கடலை, எட்டினால் பேரீச்சம்பழம். பத்து வயதில் நான் எப்படி இருந்திருப்பேன் என்பதை உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

அப்பா இதைத் தடுத்தாரா? நல்ல கதை. "நம்ம கடைச் சரக்கு எப்படின்னு கேக்க வேண்டாம். எங்க புள்ளயப் பாருங்க" என்று வருகிறவர்களிடம் என்னைக் காட்டுவார். அவர்களும் என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு அரைக் கிலோ நெய் கூடுதலாக வாங்கிப் போவார்கள். கடைக்குத் தனியாக போர்டு கிடையாது. நான்தான் போர்டு.

ஒரு நாள் துவரம்பருப்பு வாங்க வந்த நர்ஸம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "இப்படி ஒரே இடத்துல உக்காந்து தின்னா உடம்பு வச்சுக்கிட்டே போகும். உடம்பு வச்ச புள்ளைக சீக்கிரமே வயசுக்கு வந்துரும். கொஞ்சம் ஓடியாட விடுங்க."

அம்மா அன்று சாயங்காலமே தன் அண்ணனுக்குத் தகவல் அனுப்பினாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். முகத்தில் ஈயாடவில்லை.

ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பெண் குழந்தை வயசுக்கு வந்தால் தாய்மாமன் மேளதாளத்தோடு சீர்த்தட்டு எடுத்து வர வேண்டும். எத்தனை தட்டு என்று தெருவே எண்ணும். அதற்கு ஆறு மாதம் முன்பு பண்ணைப்புரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சடங்கு. அந்தப் பெண்ணின் மாமன் ஐம்பத்தோரு தட்டு கொண்டுவந்தார். அங்கே என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, எங்கள் மாமாவைப் பார்த்துச் சும்மா இருக்காமல், "ஏன் கோம்பைக்காரரே, ஒங்க ஊர்ல தட்டுக்குப் பஞ்சமாமே" என்று ஒரு போடு போட்டாள்.

மாமாவுக்கு ரோஷம் வந்தால் எழுந்து நின்றுவிடுவார். நின்றார். "எம் மருமகளுக்கு நூத்தியொரு தட்டு. அம்புட்டும் திராட்சை. நம்ம தோட்டத்துத் திராட்சை" என்று பந்தியில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

தோட்டத்தில் அப்போது திராட்சையே இல்லை. அடுத்த வாரம்தான் கொடி நட்டார். கொடி பந்தல் ஏறி முதல் காய்ப்பு வர ஒன்றரை வருஷம் ஆகும். நர்ஸம்மா சொன்ன அன்றைக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. இன்னும் ஒரு வருஷம் நான் தாக்குப்பிடிக்க வேண்டும். இதுதான் நிலவரம். கொடி முந்துமா, நான் முந்துவேனா?

எத்தனை கிலோவில் ஒரு பெண் வயசுக்கு வருவாள் என்று மாமா விசாரிக்கக் கிளம்பினார். நர்ஸம்மா, "அது கிலோக் கணக்கா? போய் வேலையப் பாருங்கய்யா" என்று விரட்டிவிட்டார். மாமா விடவில்லை. தெரிந்தவர்கள் வீட்டிலெல்லாம் போய், ஒங்க புள்ள அப்ப என்ன எடை இருந்துச்சு என்று கேட்டு நாலு இடத்தில் திட்டு வாங்கினார். கடைசியில் மார்க்கையன்கோட்டையில் ஒரு வாழைக்காய் வியாபாரிதான் யோசித்து, "நாப்பது இருக்கும்ணே" என்றாராம். வாழைத்தாரைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லுகிற மனுஷர். மாமா நம்பிவிட்டார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் எனக்கு எடை. கடைக்குப் பின்னால் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு விட்டத்தில் தொங்கும். ஒரு தட்டில் நான். இன்னொரு தட்டில் எடைக்கல். முதல் வாரம் முப்பத்தொன்பது.

"தாயி, நாப்பதத் தாண்டிறாத. மாமன் மானம் ஒங்கிட்டதான் இருக்கு" என்றார் மாமா. கண் கலங்கிச் சொன்னார்.

எனக்கு மாமா என்றால் உயிர். சரி மாமா என்றேன்.

மாமாவின் திட்டம் எளிமையானது. கொடிக்கு ஆட்டு எரு, எனக்கு மோர். கொடிக்குக் கடலைப் புண்ணாக்கு, எனக்குக் கொள்ளு ரசம். கொடி வேகமாக வளர வேண்டும், நான் மெதுவாக வளர வேண்டும். முன்பெல்லாம் அல்வாப் பொட்டலத்தோடு வந்த மனுஷர், இப்போது முள்ளங்கிக் கட்டோடு வந்தார்.

அதுவும் போதாது, ஓடினால்தான் இளைப்பாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் மாமா ஒரு நாயைக் கூட்டி வந்தார். கோம்பை நாய். லக்கேஜ் டிக்கெட் எடுத்து, பஸ் மேலே கட்டிக் கொண்டுவந்தார். பெயர் ராசா. காட்டுப்பன்றியை விரட்டுகிற ஜாதி. தினமும் காலையில் கொட்டகுடி ஆறு வரை அது என்னைத் துரத்த வேண்டும் என்று ஏற்பாடு.

துரத்தியது. இரண்டு நாள். மூன்றாம் நாள் நான் ஓடமுடியாமல் உட்கார்ந்துவிட்டேன். அதுவும் பக்கத்தில் உட்கார்ந்தது. கடையில் யாருக்கும் தெரியாமல் எடுத்து மடியில் கட்டியிருந்த பேரீச்சம்பழத்தில் ஒன்று கொடுத்தேன். அவ்வளவுதான். அதன்பிறகு நாங்கள் இருவரும் தினமும் கிளம்பிப் போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்து தின்றுவிட்டு, முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு இரைக்க இரைக்க வீடு திரும்புவோம். நாலு மாதத்தில் ராசாவுக்குத் தொப்பை விழுந்துவிட்டது. பார்க்க வந்த கோம்பைக்காரர்கள் நம்ப மறுத்தார்கள். "இது நம்ம ஊர் நாயே இல்ல" என்று அடித்துச் சொன்னார்கள்.

இன்னொரு பக்கம் அத்தை. "புள்ள எலும்பும் தோலுமா ஆயிருச்சே" என்று முப்பத்தெட்டரைக் கிலோ மருமகளைக் கட்டிக்கொண்டு அழுவாள். அவள் வீட்டுக்குப் போனால் உளுந்தங்களி. நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய். "கோம்பைக்காரரு தட்ட எண்ணிப் பாக்காம எனக்குச் சாவு வராது. நல்லாத் தின்னு ஆத்தா" என்பாள். ஒரு வீட்டில் பட்டினி, இன்னொரு வீட்டில் பந்தி. எல்லாமே என் நன்மைக்குத்தான்.

இப்போது ஒரு விஷயத்தை நீங்கள் கவனித்திருக்க வேண்டும். மாமா, அத்தை, அம்மா, அப்பா, நர்ஸம்மா, வாழைக்காய் வியாபாரி... இத்தனை பேரும் ஒரு வருஷமாக ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நான் வந்தால் பேச்சை நிறுத்துவார்கள். வயசுக்கு வருவது என்றால் என்ன என்று எனக்கு யாருமே சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மாலை, பட்டு, மேளம், சாப்பாடு. நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஒரு பெண் நாற்பது கிலோ எடை வந்தால் சடங்கு வைப்பார்கள். இத்தனை பேர் நிறுத்துப் பார்த்தால் வேறு என்ன நினைக்கத் தோன்றும்?

பதினோரு வயது முடிந்திருந்தது. ஒரு வியாழக்கிழமை பாவாடையில் ரத்தம்.

நான் செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். திருடித் தின்ற பேரீச்சம்பழம் வயிற்றுக்குள் எதையோ அறுத்துவிட்டது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. வெளியே சொன்னால் திருட்டு தெரிந்துவிடும். பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டேன். பாவாடையை நானே துவைத்தேன். "இப்பத்தான் புள்ளைக்குப் பொறுப்பு வந்திருக்கு" என்று அம்மா அப்பாவிடம் என்னை மெச்சினாள்.

வியாழன், வெள்ளி, சனி. மூன்று இரவும் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் படுத்தேன், காலையில் எழ மாட்டேன் என்ற பயத்தில். ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. செத்துப்போனால் நாற்பது கிலோவைத் தாண்ட மாட்டேன். மாமா மானம் தப்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். என்னைத் தூக்கித் தராசில் உட்கார வைத்தார். எடைக்கல்லை வைத்தார், எடுத்தார்.

"முப்பத்தெட்டு. சபாசு தாயி. தோட்டத்துல கொத்துக் கொத்தாத் தொங்குது. இன்னும் ஒரே மாசம். பழுத்துரும்."

நான் தராசில் ஆடிக்கொண்டே அழ ஆரம்பித்தேன்.

"என்ன தாயி? பசிக்குதா?"

"மாமா... நான் எப்ப மாமா செத்துப் போவேன்?"

"ஏ, என்ன பேச்சு பேசுற."

"நாலு நாளா ரத்தம் வருது மாமா. ஒண்ணுக்குப் போற எடத்துல. பேரீச்சம்பழத்தத் திருடித் தின்னுட்டேன்."

மாமா அப்படியே பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கையில் இருந்த எடைக்கல்லைக் கீழே வைக்கக்கூட மறந்துபோனார்.

"யார்ட்டயும் சொல்லலையா?"

"இல்ல."

"ஒங்க ஆத்தா ஒனக்கு ஒண்ணுமே சொல்லலையா தாயி? ஒங்க அத்தை?"

"என்னத்த மாமா?"

மாமா அப்போதுதான் எடைக்கல்லைக் கீழே வைத்தார்.

"நாலு நாளா சாகப் போறோம்னு நினைச்சுக்கிட்டா இருந்த?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. ஆனா நாப்பதத் தாண்டல."

மாமா துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். திராட்சைக்காக அழவில்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். அழுது முடித்து என்னைத் தராசிலிருந்து இறக்கி, "சாக மாட்ட தாயி. இது சீக்கு இல்ல" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "தங்கச்சி, இங்கன வா" என்று கூப்பிட்டார்.

அம்மா வந்தாள். புரிந்துகொண்டாள். "இது எல்லாப் பொம்பளைகளுக்கும் வாரதுதான்டி" என்றாள். அந்த ஒரு வாக்கியம் எனக்கு வியாழக்கிழமைக்கு முன்னால் கிடைத்திருக்கக் கூடாதா? அதற்குள் அத்தைக்கு ஆள் போய்விட்டது.

பதினாறாம் நாள் சடங்கு. மேளச்சத்தம் கேட்டு பஜாரே வாசலுக்கு வந்தது. மாமா முன்னால் வந்தார். பின்னால் பெண்கள் வரிசையாக, ஆளுக்கொரு தட்டு. நூற்றியொரு தட்டு. அத்தனையிலும் திராட்சை. பச்சைப் பசேலென்று, கல்லு மாதிரி, ஒன்றுகூடப் பழுக்காத திராட்சை. தோட்டத்தில் ஒரு கொத்து விடாமல் அறுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அத்தை வாசலில் நின்று எண்ணினாள். தட்டு ஒவ்வொன்றிலும் கோம்பையில் யார் யார் பெயரோ வெட்டியிருந்தது. அந்த ஊரில் அன்று சோறு தின்ன ஒரு வீட்டிலும் தட்டு இருந்திருக்காது. பெயர்களையெல்லாம் சத்தமாக வாசித்தபடி எண்ணி முடித்தாள். குறைவில்லை. ஒரு காயை எடுத்து வாயில் போட்டாள். முகம் எட்டுக் கோணலாகியது.

"ஏன் கோம்பைக்காரரே, ஒரு மாசம் கழிச்சு அனுப்பியிருந்தாலும் நாங்க வாங்கிக்கிட மாட்டமா? அம்புட்டையும் காயா அறுத்துட்டீகளே" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை.

"கொடி மறுபடியும் காய்க்கும் மதினி. எம் மருமகளுக்கு இது ஒரு தடவதானே" என்றார் மாமா.

அந்த வருஷம் போடியில் யார் வீட்டுக்குப் போனாலும் திராட்சைக்காய் ஊறுகாய்தான்.

விருந்தாளிகளெல்லாம் கிளம்பிப் போனபிறகு என் தங்கையை மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு எட்டு வயது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார வைத்து, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். ரத்தம் வரும், பயப்படாதே, சாக மாட்டாய், வந்ததும் என்னிடம் சொல்லு.

அவள் கவனமாகக் கேட்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

"இம்புட்டுத்தானா அக்கா? இதச் சொல்லவா அம்புட்டுப் பேருக்கும் வாய் வரல?"

சொல்லி முடிக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.