முதல் திரையில் இருந்த பெயர்

புதுவாயல் கூட்டுரோட்டில் என் அண்ணன் மொஹசின் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்ட தங்கை நான் அங்கே டைப் அடித்தேன். 2007-இல் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றுக்கு, காண்ட்ராக்ட் ஆட்களின் வருகையையும் சம்பளத்தையும் பதியும் மென்பொருளை அண்ணன் செய்து கொடுத்தார். திறந்ததும் முதல் திரையில் 'ஆக்கம்: மொஹசின், பழவேற்காடு' என்று வரும். அதை அச்செடுத்து, எங்களைப் பெற்ற அத்தாவிடம் கொடுத்தார். அத்தா சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்கக் காட்டினார்.

பாஸ்வேர்டு கேட்டு உள்ளே விடும் பகுதி மட்டும் அண்ணன் எழுதியதல்ல. ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதி, எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் வைத்தது. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், தன் பெயரையும் உரிமக் குறிப்பையும் அழிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்டது. அந்த வரிகளை அண்ணன் அழித்தபோது நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

"ரெண்டு பேரு இருந்தா மதிக்க மாட்டாங்க" என்றார்.

மறு வருஷம் ரம்ஜான் முடிந்த வாரம், அதை இறக்கிக்கொண்ட எல்லோருக்கும் அந்த வெளிநாட்டுக்காரரின் எச்சரிக்கை மெயிலில் வந்தது. அந்தப் பகுதியில் ஓட்டை இருக்கிறது, பாஸ்வேர்டு இல்லாமலே ஆள் நுழையலாம், உடனே புதியதைப் போடுங்கள். அண்ணன் காலை நாஷ்டாவைத் தொடவில்லை.

"சொல்லாம மாத்திட்டு வந்துடலாம்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஆலைக்குக் கிளம்பினார்.

ஆபீஸ் மேனேஜர் வரதன் விடவில்லை. "சம்பளம் போடுற நேரம் பாய். நல்லா ஓடிக்கினு கீறத ஏன் நோண்டுற?"

"ஓட்டை இருக்கு சார். வெளியாளு பூந்து கணக்க மாத்திடலாம்."

"இத்தினி நாளு தெரியல. இன்னிக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எழுதினவரு சொன்னாரு."

"எழுதினது நீதானே?"

"அந்த எடம் நான் இல்ல சார். அவரு பேர அழிச்சிட்டேன்."

வரதன் திரையில் இருந்த பெயரை விரலால் தட்டினார். "அப்ப இது இன்னா, சும்மா பேரு போட்டுக்கற கல்யாணப் பத்திரிகையா?"

கிளார்க்குகள் சிரித்தார்கள். வரதன் நாற்காலியைத் தள்ளி இடம் விட்டார். அண்ணன் புதியதைப் போட்டு, அழித்த வரிகளைத் திரும்ப வைத்து, முதல் திரையில் அந்த வெளிநாட்டுக்காரரின் பெயரைத் தன் பெயருக்கு மேலே ஏற்றினார். எல்லோரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று சொல்லவேண்டியிருந்தது. அண்ணன் கீபோர்டை விட்டு நிமிரவில்லை. அத்தனை ஆண்கள் நடுவில் நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கையை நீட்டினார். "அந்தப் பேப்பர குடுங்க அத்தா."

"இன்னாத்துக்குடா?"

"இன்னொருத்தர் பேரு உட்டுப்போச்சு."

 அத்தா சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து, பிரிக்காமலே கொடுத்தார்.